மெலனி சியின் 'ரீசன்': இருபது வருஷம் கழித்துக் கேட்டால்

ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்கள் பாட்டுக் குழுவில் இருந்த மெலனி சி தனியாக வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் 'ரீசன்'. 2003 மார்ச் 10ஆம் தேதி வந்தது. வந்த காலத்தில் டர்பனில் எங்கள் வட்டத்தில் இதை முழுசாகக் கேட்டவர்களே குறைவு, கேட்டவர்களும் "சுமார்தான்" என்று தள்ளிவைத்துவிட்டார்கள். போன மாதம் சாட்ஸ்வர்த்தில் பெரியம்மா மகள் வீட்டில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் காலத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தோம். பேச்சு எப்படியோ இந்த ஆல்பத்தில் வந்து நின்றது, அப்புறம் பன்னிரண்டு பாட்டையும் வரிசையாகப் போட்டுக் கேட்டோம், நடுநடுவே சண்டையும் போட்டோம். அதற்குப் பிறகு நான் தனியாகவும் காரில் போகும்போதும் வரும்போதும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மோசமான ஆல்பம் இல்லை. நல்ல பாட்டுகளைப் பின்னால் தள்ளி, சாதாரணப் பாட்டுகளை முன்னால் வைத்து, விற்க வேண்டியவர்கள் பாதியிலேயே கைவிட்ட ஆல்பம். நாமும் அவரிடம் வேறு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த ஆல்பத்துக்கு நியாயம் கிடைக்கும்.

முதலில் அந்த எதிர்பார்ப்பு. தென்னாப்பிரிக்காவில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்றால் வெறும் ஒரு பாட்டுக் குழு இல்லை. நிறவெறி ஆட்சிக்கு முடிவு கட்டிய 1994 தேர்தல் முடிந்து, நாங்கள் எல்லாரும் முதன்முறையாக வெள்ளைக்காரப் பிள்ளைகளோடும் கறுப்பினப் பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்த காலம் அது. இடைவேளையில் எல்லாரும் சேர்ந்து ஆடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்றால் அது இவர்கள் பாட்டாகத்தான் இருந்தது. 1997 நவம்பரில் அவர்கள் இங்கே வந்தார்கள். நெல்சன் மண்டேலாவும் இளவரசர் சார்லஸும் நடுவில் நிற்க, ஐந்து பேரும் சுற்றி நிற்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இவர்கள் என் ஹீரோக்கள் என்று மண்டேலாவே சொன்னார். அதைக் கேட்ட பிறகு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அதட்ட வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஐந்து பேரில் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு குட்டிக்கரணம் அடிப்பவர்தான் மெலனி சிஷோம், ஸ்போர்ட்டி ஸ்பைஸ். பள்ளி கலைவிழாவில் யார் எந்த வேஷம் என்று பிரிக்கும்போது, பாடத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேஷத்தைக் கொடுப்பார்கள். காரணம் இருக்கிறது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுகளின் கடைசி நிமிஷத்தில், மற்றவர்கள் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, மேலே ஏறிப் போய்த் தனியாக விளையாடும் குரல் இருக்கிறதே, அது பெரும்பாலும் இவருடையதுதான். 1998இல் பிரையன் ஆடம்ஸோடு சேர்ந்து பாடியபோது அந்தக் குரல் ராக் பாட்டுக்கும் ஒத்துவரும் என்று தெரிந்துபோயிற்று. குழு ஓய்ந்த பிறகும் இவர் நிற்பார் என்று நாங்கள் நம்பியதற்கு அது போதுமாக இருந்தது.

1999இல் முதல் ஆல்பம் 'நார்தர்ன் ஸ்டார்'. ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம், நானும் தேதிகளைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். அந்த ஆல்பம் வந்தவுடனே பெரிய வெற்றி அடையவில்லை. முதல் சிங்கிள், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து வெளியிடும் பாட்டு, 'கோயின் டவுன்', சத்தமான கிடார் பாட்டு. இரண்டாவது, ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு. இரண்டும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம் வரைக்கும் போயின, அவ்வளவுதான். அடுத்த வருஷம் டிஎல்சி குழுவின் லிசா லோபஸோடு பாடிய 'நெவர் பி த சேம் அகெய்ன்' வந்து முதலிடம் பிடித்த பிறகுதான் ஆல்பம் ஓட ஆரம்பித்தது. அப்புறம் 'ஐ டர்ன் டு யூ', அதுவும் முதலிடம். அதாவது மூன்றாவது, நாலாவது சிங்கிள் வரைக்கும் ரெக்கார்டு கம்பெனி பொறுமையாகக் காத்திருந்தது. இந்தப் பொறுமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இன்னொன்றும் உண்டு. டர்பனில் கல்யாண ரிசப்ஷனில், கிளப்பில், டாக்ஸியில் என்று நாங்கள் கேட்டு ஆடிய 'ஐ டர்ன் டு யூ', 'நார்தர்ன் ஸ்டார்' ஆல்பத்தில் இருக்கும் வடிவம் இல்லை. அது ஹெக்ஸ் ஹெக்டர் ஆடுவதற்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்த ரீமிக்ஸ். அவருக்கு 2001இல் சிறந்த ரீமிக்ஸருக்கான கிராமி கிடைத்தது. ஆக, 'ரீசன்' வந்தபோது "அந்த மாதிரி ஒரு பாட்டுகூட இல்லையே" என்று நாங்கள் எல்லாரும் குறைபட்டோமே, அந்த மாதிரிப் பாட்டு முதல் ஆல்பத்திலும் அந்த உருவத்தில் இல்லை. ஒரு ரீமிக்ஸைத் தட்டில் வைத்து இந்த ஆல்பத்தை எடை போட்டிருக்கிறோம். அன்றைக்கு அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பதில் பேசவில்லை. பிறகு அக்கா, "அதுக்காக இதை நல்ல ஆல்பம்னு நான் ஒத்துக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான். சரி, பாட்டுகளுக்கு வருவோம்.

முதல் பாட்டு 'ஹியர் இட் கம்ஸ் அகெய்ன்'. முதல் சிங்கிளும் இதுதான், பிரிட்டனில் ஏழாவது இடம். கிடாரில் ஆரம்பித்து, பல்லவி வரும்போது நன்றாக விரிகிற பாட்டு. அன்றைக்கு இது எனக்கு மந்தமாகப் பட்டது. இப்போது கேட்டால், ஒரு முப்பது வயசுப் பெண் மறுபடி வருகிற ஏதோ ஒன்றைப் பார்த்துப் பாடுகிற பக்குவம் இதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் உச்சத்தில் இருந்த அந்த வருஷங்களில் சாப்பாட்டுப் பிரச்சினையும் மனச்சோர்வும் தன்னைப் படுத்தியதைப் பற்றி அவர் பிற்பாடு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார், 2022இல் வந்த சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். அது தெரிந்த பிறகு இந்தப் பாட்டை அன்றைக்குக் கேட்ட மாதிரி கேட்க முடியவில்லை. ஆனால் ஒரு ஆல்பத்தின் கதவைத் திறக்கிற பாட்டு என்று பார்த்தால் இன்னமும் கொஞ்சம் சோம்பல்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது, ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. நல்ல மெட்டு, நல்ல குரல், ஆனால் முதல் பாட்டின் வேகத்திலேயே போகிறது. மூன்றாவது 'லூஸ் மைசெல்ஃப் இன் யூ', இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, கேட்டேன், போய்விட்டது. ஆக முதல் கால் மணி நேரத்துக்கு நடுத்தர வேகத்தில் மூன்று பாட்டு. சிடி வாங்கிப் போடுகிறவன் இங்கேதான் எழுந்து போகிறான். 2003இல் நானும் எழுந்துதான் போனேன்.

அதனால்தான் நாலாவதாக வரும் 'ஆன் த ஹொரைஸன்' மேல் எனக்குக் கோபம் கலந்த பாசம். இது முதலில் இருந்திருக்க வேண்டிய பாட்டு. நியூ ராடிகல்ஸ் குழுவின் கிரெக் அலெக்சாண்டரும் ரிக் நொவல்ஸும் மெலனியோடு சேர்ந்து எழுதியது. 'ஐ டர்ன் டு யூ' எழுதியதிலும் இதே ரிக் நொவல்ஸ் இருக்கிறார், கவனியுங்கள். அது இரவுக்கான பாட்டு, இது பட்டப்பகலுக்கான பாட்டு. எம்4 நெடுஞ்சாலையில் உம்லாங்காவிலிருந்து நகரத்துக்குள் வரும்போது இடதுபக்கம் கடல் கூடவே வரும், அந்த நேரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். மெட்டு படிப்படியாக ஏறி, பல்லவியில் குரல் பளிச்சென்று திறக்கும். அவர் குரலில் லேசாக ஒரு கரகரப்பு உண்டு, மேலே போகப் போக அது தேய்ந்து மறையாமல் இன்னும் துலக்கமாகும். இந்தப் பாட்டில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். பின்னணி இசை அதன் மேல் ஏறி உட்காரவில்லை. 2003 ஜூனில் சிங்கிளாக வந்து பதினாலாவது இடத்தோடு நின்றுபோனது, எனக்கு இன்னமும் ஆறவில்லை. இதே பாட்டை பிப்ரவரியில் முதலாவதாக விட்டிருந்தால் கதையே வேறு என்று நான் சொல்கிறேன். அக்காவும் இதில் மட்டும் என் கட்சி.

ஐந்தாவது 'பாசிட்டிவ்லி சம்வேர்', இனிமையான பாட்டு, யார் பாடினாலும் இப்படித்தான் இருக்கும். அதுதான் அதன் குறை.

ஆறாவது 'மெல்ட்'. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மறுபடி கேட்டதில் எங்கள் எல்லாருடைய அபிப்பிராயமும் தலைகீழாக மாறியது இந்த ஒரு பாட்டில்தான். மெதுவான பாட்டு. அன்றைக்கு 'ஸ்கிப்' பட்டனை அழுத்த வைத்த பாட்டு. இப்போது நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டபோது, தொடக்கத்தில் அவர் குரலை எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. மேலே பாடத் தெரிந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், சந்தர்ப்பம் கிடைத்தால் ஏறிவிடுவார்கள், ஸ்பைஸ் கேர்ள்ஸில் அவருக்கு வேலையே அதுதான். இங்கே பிடித்து வைக்கிறார். மூச்சு எடுக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார், கடைசியில்தான் முழுக் குரல். எங்கள் கூட்டத்தில் ஒரு தோழி தேவாரம் சொல்லிக்கொடுக்கிறாள், கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமை வகுப்பு. அவள்தான் இதை முதலில் கவனித்துச் சொன்னாள், "கீழ் ஸ்தாயியில் நிதானமா நிக்கிறதுதான் கஷ்டம், மேலே கத்துறது யாருக்கும் வரும்" என்று. இருபது வயசில் எனக்கு அது காதில் விழவில்லை.

ஏழாவது 'டூ ஐ'. 'மெல்ட்' முடிந்த கையோடு மறுபடி ஒரு மெதுவான பாட்டை வைத்தது யார் யோசனையோ தெரியாது, தப்பான யோசனை. பாட்டு தனியாகக் கேட்டால் பரவாயில்லை, இந்த இடத்தில் அது 'மெல்ட்' கட்டி எழுப்பியதைக் கரைத்துவிடுகிறது. எட்டாவது 'சோல் பாய்' மென்மையானது, அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒட்டிக்கொள்கிற வகை. 'வாட்டர்', 'ஹோம்' இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கேளுங்கள், ரேடியோவுக்காகப் பாடாத மெலனி சியைக் கேட்பீர்கள். இந்த இரண்டுக்காகவே இந்த ஆல்பத்துக்குத் திரும்பி வந்தேன் என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனாலும் 2003இல் ஒருமுறைகூட இந்தப் பாட்டுகள் வரைக்கும் கேட்காமலே சிடியை வெளியே எடுத்திருக்கிறோம் என்பது வருத்தமாக இருந்தது.

'லெட்ஸ் லவ்' துள்ளலான பாட்டு. ஜப்பானில் டொயோட்டா விளம்பரத்தில் வந்து, அங்கே சிங்கிளாகவும் வெளியானது. அப்புறம் கடைசியில், பன்னிரண்டாவது இடத்தில், 'யே யே யே'. ஆல்பத்திலேயே ரத்தம் ஓடுகிற பாட்டு இதுதான், கிடாரும் தாளமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, மெலனி சி சிரித்துக்கொண்டே பாடுகிற மாதிரி இருக்கிறது. நாங்கள் ஏங்கிய ஸ்போர்ட்டி ஸ்பைஸ் ஆல்பத்தின் கடைசி அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பதினொரு பாட்டைத் தாண்டி யார் அங்கே போவது?

இனி விற்ற விதம். முதல் சிங்கிள் பிப்ரவரி, இரண்டாவது ஜூன். அந்தக் கோடையில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'த கேம்ஸ்' என்ற விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர், ஜூடோ சுற்றில் முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டிய நேரத்தில் காலைத் தூக்கி வைத்து உட்காரவேண்டியதாயிற்று. அடுத்த சிங்கிள் நவம்பரில்தான் வந்தது, 'மெல்ட்', 'யே யே யே' இரண்டையும் ஒரே சிங்கிளாகச் சேர்த்து. இதைவிடக் குழப்பமான முடிவு இருக்க முடியாது, ஆல்பத்தின் மிக மெதுவான பாட்டையும் மிக வேகமான பாட்டையும் ஒரே உறையில் போட்டால் ரேடியோக்காரர் எதைப் போடுவார்? இருபத்தேழாவது இடம். அதற்கப்புறம் வர்ஜின் கம்பெனியும் அவரும் பிரிந்தார்கள். 'நார்தர்ன் ஸ்டார்' நாலாவது சிங்கிள் வரைக்கும் காத்திருந்து ஜெயித்தது என்று மேலே சொன்னேனே, 'ரீசனை' அந்த இடத்துக்குப் போகவே விடவில்லை. பிரிட்டனில் ஆல்பம் ஐந்தாவது இடம் வரை போனது என்பதையும் சொல்ல வேண்டும், படு தோல்வி என்று நம் ஆட்கள் சொல்வது மிகை.

எங்கள் ஊரில் வேறு ஒரு காரணமும் இருந்தது. 2003 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் தென்னாப்பிரிக்காவில் கிரிக்கெட் உலகக் கோப்பை. கிங்ஸ்மீடில் நெஹ்ரா இங்கிலாந்தின் ஆறு விக்கெட்டை எடுத்த இரவு டர்பன் தூங்கவில்லை. மார்ச் 3ஆம் தேதி அதே மைதானத்தில் மழையும் டக்வொர்த் லூயிஸ் கணக்கும் சேர்ந்து இலங்கையோடு ஆட்டம் சமநிலையில் முடிய, சொந்த நாடு போட்டியை விட்டே வெளியேறியது. ஒரு வாரம் கழித்து லண்டனில் 'ரீசன்' வெளியாகிறது. அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் ஒருவர் பாட்டு ஆல்பம் வாங்கப் போயிருந்தால்தான் அதிசயம். பாதிப் பேருக்கு இந்தியா இறுதி ஆட்டத்துக்குப் போகுமா என்ற கவலை, மீதிப் பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கேப்டன் பொல்லாக்கின் மேல் கோபம்.

வாங்குவதற்கும் யோசிப்போம், ஒரு சிடி நூறு ரேண்டுக்கு மேல். நான் கடையில் ஹெட்போன் போட்டு முதல் மூன்று பாட்டு கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தவள், அப்புறம் அக்காவிடமிருந்து இரவல் வாங்கினேன். இந்த ஆல்பத்துக்கு அந்தக் கடை ஹெட்போன் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. யாரும் மூன்று பாட்டுக்கு மேல் நின்று கேட்க மாட்டார்கள், முதல் மூன்றுதான் இதன் பலவீனம். மியூசிகா என்ற சிடி கடைகளையும் 2021இல் மொத்தமாக மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் போனில், பாட்டின் வரிசையை நாமே மாற்றலாம், ஆகவே மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

நான் கேட்கிற வரிசை இப்படி: 'யே யே யே' முதலில், அடுத்து 'ஆன் த ஹொரைஸன்', பிறகு 'ஹியர் இட் கம்ஸ் அகெய்ன்'. இந்த இரண்டுக்குப் பின்னால் வந்தால் அதன் நிதானம் அழகாகிவிடுகிறது. அப்புறம் 'ரீசன்', 'சோல் பாய்', 'லெட்ஸ் லவ்', 'வாட்டர்', 'ஹோம்', கடைசியில் 'மெல்ட்'. மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள், ஒன்பது பாட்டில் கச்சிதமான ஆல்பம். வரிசையை மாற்றிக் கேட்பது நேர்மையா என்று அக்கா கேட்டாள். கலைஞர் கொடுத்தபடி கேட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் உண்மை உண்டு, அதனால் மதிப்பெண் போடும்போது கொடுத்த வரிசைக்கே போடுகிறேன்.

'ரீசன்' தோற்றதால் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. கம்பெனியை விட்டு வெளியே வந்தவர் 2004இல் ரெட் கேர்ள் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 2005இல் அடுத்த ஆல்பம் 'பியூட்டிஃபுல் இன்டென்ஷன்ஸ்'. அதே வருஷம் 'ஃபர்ஸ்ட் டே ஆஃப் மை லைஃப்' ஜெர்மனியில் முதலிடம். யாருடைய தயவும் இல்லாமல் அன்றிலிருந்து இன்றுவரை தன் இஷ்டப்படி பாடிக்கொண்டிருக்கிறார். 'ஹோம்', 'மெல்ட்' மாதிரிப் பாட்டுகளைப் பாடிப் பழகியது அந்தத் துணிச்சலுக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன், அது என் ஊகம்.

யாருக்கு இது பிடிக்கும்? 'ஐ டர்ன் டு யூ' ரீமிக்ஸ் மாதிரி ஆட வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் 'யே யே யே' மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம். குரலுக்காகப் பாட்டுக் கேட்கிறவர்கள், கிடார் வைத்த பாப் பிடித்தவர்கள், 2003இல் பாதியில் விட்டவர்கள் கட்டாயம் மறுபடி கேளுங்கள், 'மெல்ட்'டை மட்டும் வண்டிச் சத்தத்தில் கேட்காதீர்கள், ராத்திரி வீட்டில் ஹெட்போனில் கேளுங்கள். சிடியாகவே வேண்டும் என்றால் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது, எனக்கு நாற்பது ரேண்டுக்குக் கிடைத்தது, வாங்குமுன் பின்பக்கம் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. 2003இல் என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு போட்டிருப்பேன். அக்கா இன்னமும் இரண்டரையைத் தாண்ட மறுக்கிறாள், 'ஆன் த ஹொரைஸன்' ஒன்றுக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறாள்.